ஓடினால் எங்கே நிற்பது

1

எங்கள் கட்டடத்தில் நெருப்புப் பிடித்த செய்தி மட்டக்களப்புக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட எடுக்கவில்லை. போகிற வழியில் அது நன்றாக வளர்ந்தும் விட்டது. என் மனைவி றீற்றாவின் தம்பி அன்ரன் கல்லடியில் இருந்து போன் எடுத்து, வீடு முழுக்க எரிந்து நாங்கள் முகாமில் இருக்கிறோமாம், மெய்யா என்று கேட்டான். களுவாஞ்சிக்குடியில் இருக்கிற என் பழைய கூட்டாளி ஒருவர், எனக்கு முகம் கருகிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார். வீடியோவில் வரச்சொல்லி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் நம்பினார். "முந்தியும் இந்தக் கறுப்புத்தானே" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எரிந்தது ஒரு சமையல் குசினி. அதுவும் எங்களுடையது அல்ல. ஆண்டவர் கிருபையால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முக்கால் மணித்தியாலம் என் மனைவியும் மகனும் அந்தப் புகைக்குள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். அதைத்தான் எழுத வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நோர்வேக்கு நாங்கள் வந்து இந்தக் கார்த்திகையோடு பத்தொன்பது வருடம். நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை. றீற்றா சிறுபிள்ளைகள் பராமரிக்கிற இடத்தில் குசினி வேலை. மகள் ஷரோனுக்குப் பதினாறு, மகன் ஜெறோமுக்கு எட்டு. நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கீழே நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாகத் துணி தோய்க்கிற அறை. முறைவைத்துத்தான் தோய்க்க வேண்டும். எங்கள் முறை சனிக்கிழமை பின்னேரம்.

இங்கே அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் ஒரு சின்னப் புத்தகம் அனுப்பியிருந்தது. திடீரென்று கரண்ட் போனால், தண்ணீர் நின்றால், சண்டை வந்தால் ஒரு வீடு ஒரு கிழமைக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். தண்ணீர், பிஸ்கட், மருந்து, பற்றறி போட்ட றேடியோ, மெழுகுதிரி. அதைப் படித்துவிட்டு என் வேலைத்தலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் முகம் வெளிறி நின்றார். நான் வீட்டுக்கு வந்து றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கட்டிலுக்குக் கீழே குனிந்து, மூன்று மூட்டை அரிசியையும் மீன் ரின்களையும் இழுத்துக் காட்டிவிட்டு, "ஒரு கிழமையாம்" என்று சிரித்தா. மெழுகுதிரியும் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு பெட்டி, அலுமாரிக்குள் நாலு பெட்டி.

அந்தப் புத்தகத்தை வைத்து ஷரோனின் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு ஒரு ஆயத்தத் திட்டம் எழுதி, வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஷரோன் நல்ல கெட்டிக்காரி. குசினி மேசையில் இருந்து நோர்வே மொழியில் கட்டம் கட்டமாக எழுதினாள். யார் தண்ணீர் எடுப்பது, யார் மருந்து எடுப்பது, கட்டடத்தில் நெருப்பு என்றால் எங்கே ஒன்று சேர்வது. கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பட்டை மரம் நிற்கிறது. அதைத்தான் சேர்கிற இடமாக எழுதினாள். என்னிடம் நீட்டினாள். போட்டேன். றீற்றாவிடம் நீட்டினாள். அவ மா பிசைந்த கையைத் துடைத்துவிட்டுப் போட்டா. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் வாசிக்காமல் நாங்கள் போட்ட கையெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் வரும்.

ஜெறோமும் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். அவன் மட்டும்தான் அதை வாசித்துவிட்டுப் போட்டவன்.

அந்தக் கடுதாசிக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பிறகு குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தோம்.

3

இப்போது ஊர்ப் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

நான் படுவான்கரை ஆள், வாவிக்கு மேற்கே, ஆயித்தியமலை மாதா கோயிலுக்குக் கிட்ட. அப்பா வயல் வட்டையில் வேளாண்மை செய்தவர். மாரி வெள்ளம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: எல்லோரும் வண்டிலில் ஏறும் வரைக்கும் வண்டில் நகராது. ஒருமுறை என் தங்கை ஒரு கோழிக்குஞ்சைத் தேடிக்கொண்டு நிற்க, தண்ணீர் மாட்டின் வயிற்றைத் தொடும் வரை அப்பா வண்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

றீற்றாவின் வீட்டுச் சட்டம் இதற்கு நேர் எதிர்.

அவங்க வீடு கல்லடிப் பாலத்துக்கு அங்கால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். அவவின் அப்பா சவரிமுத்து வாவியில் வீச்சுவலை போட்டவர். பிரச்சினைக் காலத்தில் ஒரு நாள் காலை சண்டைக்குப் பயந்து ஊர் கலைந்தது. மாமி, அவவின் அம்மா, பட்டணத்துச் சந்தையில். மாமா வாவியில். றீற்றாவுக்குப் பதினொரு வயது, அன்ரனுக்கு ஆறு. அவ தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சனத்தோடு சனமாகக் கோயிலுக்குப் போயிருக்கிறா. எங்கள் ஆட்கள் எதற்கும் ஓடுகிற இடம் கோயில்தானே. பாதர் படியில் நின்று வந்தவர்களின் பெயரை எழுதியிருக்கிறார்.

மாமா பின்னேரம் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். மாமி வரவில்லை. மாமா பொறுக்க மாட்டாமல் அவவைத் தேடிப் போனார். விடிய மாமி வேறு ஒரு பாதையால் வந்து சேர்ந்தா. இப்போது மாமாவைக் காணவில்லை. மாமி தேடிப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோயில் படியிலேயே இருந்தா. இரண்டு நாள். மூன்றாம் நாள் மாமா காலெல்லாம் கொப்பளமாக வந்து சேர்ந்தார். மாமி முதல் வேலையாகச் சட்டம் போட்டாவாம்.

அந்தச் சட்டத்தை நான் எப்படி அறிவேன் என்றால், எனக்கே நேரில் சொல்லப்பட்டது. கலியாணம் முடித்தால் ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வீடும் அவங்களுடையது, வீட்டுச் சட்டமும் அவங்களுடையது. கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு மாமி சொன்னா:

"மருமகன், ஒண்டு சொல்றன், மனசில வையுங்க. இந்த வீட்டில ஒரு கலவரம் எண்டா, எங்க நிண்டாலும் அங்க இருந்து நேரா கோயிலடிக்குப் போகணும். வீட்டுக்குத் திரும்பிக் கிறுகி வரக்கூடா. ஒருத்தரும் ஒருத்தரையும் தேடப் போகக்கூடா. தேடினா ரெண்டு பேரும் துலைவம். கோயிலடியில இருந்து எண்ணுவம்."

நான் ஓம் மாமி என்றேன். குறுக்கால் பார்த்த றீற்றா, "சும்மா ஓம் எண்டு சொல்லாம விளங்கிச் சொல்லுங்க" என்றா. விளங்கித்தான் சொன்னேன். ஆனால் மறந்துபோனேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாமியும் மாமாவும் இப்போது அதே கோயில் சேமக்காலையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

4

நெருப்புப் பிடித்தது ஒரு சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி இருக்கும். வெளியே மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. றீற்றா துணிக்கூடையோடு நிலவறைக்குப் போயிருந்தா. ஜெறோமும் கூடப் போனான், அவனுக்கு மெசினில் துணி சுற்றுவதைப் பார்க்க ஆசை. நான் விடிய வேலைக்குப் போய்வந்து சாய்கதிரையில் கண்ணயர்ந்திருந்தேன். ஷரோன் தன் அறையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

நெருப்பு மணி அலறியது. முதலில் வழக்கம்போல யாரோ கருக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் படிக்கட்டில் புகை. ஓடிப்போய் ஷரோனின் காதில் இருந்ததைப் பிடுங்கி, அவளை இழுத்துக்கொண்டு, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு முன்வாசலால் இறங்கினோம். நிலத்தோடு இருக்கிற ஒரு வீட்டுக் குசினியில் எண்ணெய்ச் சட்டி பற்றியிருந்தது. புகை மேலேயும் போனது, நிலவறைக்கும் போனது.

ஷரோன் என்னை அந்த வெள்ளைப் பட்டை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இஞ்சதான் அப்பா நிக்கணும். அம்மா இஞ்ச வருவா."

நின்றோம். மற்ற வீட்டுச் சனமெல்லாம் வந்தது. நாய் வந்தது, பூனை வந்தது. றீற்றாவும் ஜெறோமும் வரவில்லை. ஷரோன் அவவின் போனுக்கு அடித்தாள். அது மேலே, எங்கள் வீட்டுக் குசினியில், சார்ஜில் கிடந்தது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. பொறுப்பான அதிகாரியிடம், என் மனைவியும் மகனும் நிலவறையில் என்று சொன்னேன். அவர் கையில் கட்டடத்துக் குடியிருப்பாளர் பட்டியல் இருந்தது. பெயர் கேட்டார். றீற்றா என்றேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முதலில் வரும். வந்த நாளில் இவர்கள் முதலில் நின்ற பெயரையே அவவின் சொந்தப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். திருத்தக் கேட்டு இரண்டுமுறை எழுதினோம். ஊரில் இருந்து ஏதோ ஒரு மூலப்பத்திரம் வேண்டுமென்றார்கள். அந்தப் பத்திரம் இருந்த அரசாங்கக் கந்தோர் சுனாமியில் கடலோடு போய்விட்டது. பிறகு விட்டுவிட்டோம். வைத்தியரிடம் போனால் "சவரிமுத்து" என்று கூப்பிடுவார்கள், றீற்றா எழும்பிப் போவா. வீட்டில் அது எங்களுக்கு ஒரு பகிடி.

அன்றைக்கு அது பகிடியாக இருக்கவில்லை. பட்டியலில் அந்தப் பெயரைத்தான் நான் காட்ட வேண்டியிருந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர் நிலவறைக்குள் இறங்கினார்கள். உள்ளே இருந்து அவர்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சவாரிமூத்து, சவாரிமூத்து." செத்துப்போன என் மாமாவை, வாவியில் வலை வீசின மனிசனை, நோர்வேக்காரர் புகைக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைப் பையில் செபமாலையைப் பிடித்தபடி நின்றேன். மந்திரம் வரவில்லை. "மாதாவே" என்ற ஒரு சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஏறி வந்து, மெசினில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறது, கூடை கிடக்கிறது, ஆட்கள் இல்லை என்றார்கள்.

அதிகாரி யோசித்தார். பிறகு ஷரோன் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, அம்மா மேலே போயிருப்பார், பிள்ளை மேலே இருக்கிறாள் என்றால் தாய்மார் மேலேதான் போவார்கள் என்றார். நல்ல மனிசன். ஆறுதலாகத்தான் சொன்னார். ஷரோனின் முகம் வெளுத்துவிட்டது. தன்னைத் தேடித்தான் தாய் புகைக்குள் ஏறியிருக்கிறா என்று அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டது. முகமூடிக்காரர் இரண்டு பேரும் திரும்பவும் உள்ளே போனார்கள், இந்தமுறை மேல் மாடிகளுக்கு.

அவர் சொன்னது எனக்குள் ஒரு இடத்தில் இடித்தது. தாய்மார் மேலே போவார்கள். றீற்றா போவாவா? அவ கிறுகிப் போகிற ஆள் இல்லையே என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிறகு சாப்பாட்டுக் கோப்பையோடு மாமி வந்து நின்றா.

அதிகாரியிடம், என் மனைவி கோயிலில் இருக்கிறா என்றேன்.

இந்த நேரத்தில் பூசை நடக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் அங்கே என்றார். பத்தொன்பது வருடம் பேசின நோர்வே மொழி அந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. எண்ணுவதற்கு என்றேன். எதை எண்ண என்றார். எங்களை என்றேன். புகை குடித்து மண்டை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார், என்னை ஒரு இடத்தில் உட்காரச் சொன்னார். ஷரோனிடம் தமிழில் சொல்லி, மொழிபெயர் என்றேன். அவள் அழுதுகொண்டே, "அப்பா, அம்மா என்னை விட்டுட்டு ஏன் கோயிலுக்குப் போவா?" என்று என்னையே கேட்டாள்.

கோயில் போனுக்கு அடித்தோம், ஒருவரும் எடுக்கவில்லை. ஊகத்தை நம்பித் தன் ஆட்களைத் திருப்பி எடுக்க முடியாது என்றார் அதிகாரி. சரிதானே. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு பொலிஸ் பெண் என்னைத் தன் காரில் ஏற்றினா. ஷரோன் மரத்தடியை விட்டு வரமாட்டேன் என்றாள்.

5

எங்கள் கத்தோலிக்கக் கோயில் நடந்தால் கால் மணித்தியாலத் தூரம். கார் வளைவில் திரும்பும்போதே கண்டேன். வீட்டுச் செருப்போடு, கையை மடக்கிப் போட்ட ஈரச் சட்டையோடு, படியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா. பக்கத்தில் ஜெறோம், யாரோ பெரிய ஆளின் ஜக்கெற்றுக்குள் தலை மட்டும் தெரிய, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோயிலைக் கூட்டித் துடைக்கிற பிலிப்பீன்ஸ் மனிசி கொடுத்ததாம்.

நான் இறங்கி நடக்கிறேன், கால் நிலத்தில் படவில்லை. அவ எழும்பி என் தோளுக்குப் பின்னால் பார்த்தா.

"புள்ள எங்க?"

"மரத்தடியில."

"மரத்தடியிலயா? ஏன் அங்க விட்டுட்டு வந்தீங்க? இவ்வளவு நேரமும் எங்க நிண்டீங்க?"

பொலிஸ் பெண் வானொலியில் சொல்லிவிட்டா. உள்ளே போனவர்கள் வெளியே வரலாம். அதைக் கேட்ட பிறகு கோயில் படியில் இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். றீற்றா என் தலையைத் தடவி, "மறந்துட்டீங்களா" என்றா. கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் கூடுதலாக வலித்தது.

காரில் போகும்போது ஜெறோம்தான் எல்லாம் சொன்னான். நிலவறையில் மணி அடித்ததும் அம்மா அவன் கையைப் பிடித்து, குப்பை வைக்கிற பின்கதவால் வெளியே கொண்டு வந்திருக்கிறா. அவன், மரத்தடிக்குப் போக வேண்டும், அக்கா எழுதினாள், நானும் கையெழுத்துப் போட்டேன் என்றானாம். அதற்கு அம்மா சொன்னது:

"அது பள்ளிக்கூடத்துக்கு எழுதினது மகன். இது மெய்."

நாங்கள் திரும்பி வந்தபோது, உள்ளே போன இருவரில் ஒருவர் வண்டிப் படியில் முகமூடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால் பெண் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்காது. தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது, முதுகில் இருந்து ஆவி பறந்தது. றீற்றா நேராக அவளிடம் போய், அவள் கையைப் பிடித்து, மன்னித்துக்கொள் என்று நோர்வே மொழியில் சொன்னா. அதற்கு மேல் அவவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை சிரித்து, நீங்கள் உள்ளே இல்லாததுதான் எனக்கு நல்ல செய்தி என்று சொன்னது. எந்தத் தாய் பெற்றதோ. நான் இப்போதும் செபத்தில் அவளை நினைக்கிறேன்.

ஷரோன் மரத்தடியில் அப்படியே நின்றாள். றீற்றா போய்க் கட்டிப்பிடித்தா. பிள்ளை கையைத் தூக்கவில்லை.

6

அன்று ஆறு மணிக்கு வீட்டுக்குள் போக விட்டார்கள். புகை மணத்தைத் தவிர எங்கள் வீட்டில் சேதம் ஒன்றும் இல்லை. றீற்றா தேத்தண்ணி போட்டா. ஷரோன் கோப்பையைத் தொடவில்லை.

"அம்மா, நான் மேல இருந்தன். உங்களுக்குத் தெரியும் நான் மேல எண்டு."

"தெரியும்."

"தம்பியைக் கூட்டிட்டுப் போனீங்க. என்னைத் தேடி வரல்ல."

"உன்ட அப்பா வீட்டில இருந்தார். நான் மேல வந்திருந்தா தம்பியைப் புகைக்குள்ளால இழுத்திருப்பன். மறுகா உன்னைத் தேடி நான், என்னைத் தேடி அப்பா. எல்லாரும் உள்ளுக்க நிண்டிருப்பம் புள்ள."

"அந்த ஒபிசர் சொன்னார், அம்மாமார் மேலதான் போவாங்க எண்டு."

றீற்றா அவளின் கோப்பையை இன்னும் கிட்டத் தள்ளி வைத்தா. நான் குறுக்கே விழுந்து, அவவின் பதினொரு வயதுக் கதையை, மாமாவின் கொப்பளக் காலை, மாமியின் சட்டத்தை எல்லாம் சொன்னேன். இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்கு நாங்கள் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், வெள்ளைப் பனிக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயத்தை ஏன் ஊட்ட வேண்டும் என்று நினைத்தோம். பயத்தோடு சேர்த்து, அதில் இருந்த புத்தியையும் மறைத்துவிட்டோம்.

ஷரோன் முழுக்கக் கேட்டாள். "விளங்குது அப்பா" என்றாள். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் தெரிந்தது. றீற்றா மேசையில் இருந்து, "என்ட அம்மாவும் அப்பாவைத் தேடிப் போகல்ல எண்டு நான் ஒரு வருசம் கோபத்தில இருந்தன்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா. எனக்கு அது அன்றுதான் தெரியும்.

அந்தக் கிழமை முழுக்க ஷரோன் தாயோடு மரியாதையாகப் பேசினாள். மரியாதையாகப் பேசினாள் என்பதிலேயே உங்களுக்கு விளங்கும், வீட்டில் என்ன நிலைமை என்று. சண்டை பிடித்தால் பரவாயில்லை என்று இருந்தது.

7

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வருடா வருடம் வெள்ளம். தண்ணீர் நிரப்பி வையுங்கள், பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், மாத்திரை தீர முதல் வாங்கி வையுங்கள். இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அந்த அரசாங்கப் புத்தகத்தில் இருந்ததில் முக்கால்வாசி எங்கள் தாய்மார் படிக்காமல் செய்தது.

ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்குச் சாப்பிட இருக்கும்போது, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேளுங்கள், ஓடினால் எங்கே நிற்பாய் என்று. ஒரு ஆள் சொல்ல மற்றவர் தலையாட்ட விடாதீர்கள். ஒவ்வொரு வாயாலும் வர வேண்டும். வாத்தியார் வீடென்று ஒரு ஆள் சொல்லும், பள்ளிக்கூடம் என்று ஒரு ஆள் சொல்லும், ஒரு ஆள் வீட்டை விட்டே போகமாட்டேன் என்று சொல்லும். எங்கள் வீட்டில் நாலு பேரில் இரண்டு பேருக்கு ஒரு இடம், ஒரு ஆளுக்கு வேறு இடம், எனக்கு இடமே இல்லை. வீட்டுத் தலைவன் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

நான் வீட்டில் மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். இது பாவக் கணக்கில் வராது என்று பாதர் சொன்னார். வந்தாலும் வராவிட்டாலும் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

8

அடுத்த ஞாயிறு பூசைக்கு நாங்கள் நடந்து போனோம். வழக்கமாக பஸ்தான். அன்று றீற்றா நடப்போம் என்றா, நான் ஏன் என்று கேட்கவில்லை. குப்பை வைக்கிற பின்கதவுப் பக்கத்தால் போனோம். ஷரோன் இரண்டு எட்டு முன்னால் போனாள்.

கட்டடத்துக்குப் பின்னால் பெருந்தெருவைக் கடக்க ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. பொத்தானை அமத்திவிட்டுப் பச்சை வரும் வரைக்கும் நிற்க வேண்டும். அதில் நிற்கும்போது ஜெறோம், ஒரு முக்கியமும் இல்லாத கதை மாதிரி, "அம்மா அண்டைக்கு இதில கனநேரம் நிண்டவ. மூண்டு தரம் பச்சை வந்தது. கடக்கல்ல. நான் இழுத்தும் வரல்ல" என்றான்.

றீற்றா அவனைச் சும்மா இரு என்றா.

ஷரோன் திரும்பினாள். "ஏன் நிண்டீங்க?"

றீற்றா நாடியை உயர்த்திக் கட்டடத்தைக் காட்டினா. அங்கே நின்று பார்த்தால் எங்கள் கட்டடத்தின் பின்சுவர் முழுக்கத் தெரிகிறது. மூன்றாம் மாடியில் கடைசி யன்னல், நீலத் திரைச்சீலை போட்டது, ஷரோனின் அறை.

"உன்ட யன்னலால புகை வருதா எண்டு பாத்தன். வரல்ல. திரும்பவும் பாத்தன். வரல்ல. வந்திருந்தா..." என்று நிறுத்தினா. பிறகு, "அம்மா போட்ட சட்டத்தை உடைச்சிருப்பன்" என்றா.

பச்சை வந்தது. ஒருவரும் கடக்கவில்லை. ஷரோன் தாயின் பக்கத்தில் வந்து நின்று, அவ பார்த்த இடத்தையே பார்த்தாள். கார்கள் போயின. மறுபடியும் பச்சை வந்தது. ஜெறோம் பூசைக்கு நேரம் போகுது என்று என் கையை இழுத்தான். கொஞ்சம் பொறு மகன் என்றேன்.

நான் பூசைக்குப் பிந்திப் போகிற ஆள் இல்லை. அன்றைக்கு நாங்கள் போகும்போது பாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் கடைசி வாங்குப் பலகையில் நெருங்கி இருந்தோம். ஷரோன் என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.